ஈரலழற்சி ‘சி’: இரண்டாவது சோதனைக்குப் பிறகே முடிவு

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்கள் ‘மெடிக்கல்’ என்ற வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எச்.ஐ.வி., ஈரலழற்சி பி ஆகியவற்றோடு ஈரலழற்சி சியும் அங்கே பார்க்கப்படுகிறது. அறிக்கையில் ‘அன்ஃபிட்’ என்று வந்தால் ஏஜென்சிக்காரருக்குக் கதை முடிந்தது. வீட்டாரோ, ஈரல் போய்விட்டது, இனி மருந்தில்லை என்று விளங்கிக்கொள்கிறார்கள். ஏஜென்சி பயணத்தைத்தான் நிறுத்துகிறது. வீட்டார் வைத்தியத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் துண்டுக் காகிதம் உண்மையில் எதைச் சொல்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டாவது இழப்பைத் தவிர்க்கலாம்.

முதற் சோதனை காட்டும் கோடு

உடனடிச் சோதனை அட்டை விரல் நீளந்தான். ஒரு துளி இரத்தமும் சில சொட்டுக் கரைசலும் விட்டால் சில நிமிடங்களில் கோடு எழும். ‘சி’ என்ற எழுத்துக்கு நேரே எழும் கோட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. ‘டி’க்கு நேரே எழும் கோடுதான் பிறபொருளெதிரி, அதாவது ஆன்டிபாடி, இருப்பதைக் காட்டுகிறது. வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதற்கு அது தடயம். இன்னும் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 வீதமானோரின் உடல் ஆறு மாதத்துக்குள் தானாகவே வைரஸை விரட்டிவிடுகிறது. தடயம் மட்டும் நீண்ட காலம் தங்கிவிடும்.

இலங்கையில் இந்த நோய் குறைவு என்பதும் இங்கே கணக்கில் சேர வேண்டும். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத்தான் நோய், சோதனை நூற்றுக்கு ஒருவரில் தவறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உண்மையான ஐந்து பேரோடு நோயில்லாத பத்துப் பேரும் ‘பொசிட்டிவ்’ பட்டியலில் வந்துவிடுவார்கள். நோய் அரிதான ஊரில் முதற் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இரத்தத்தில் வைரஸையே தேடுகிற ஆர்.என்.ஏ. சோதனைதான் தீர்ப்பைச் சொல்லும்.

அரிதான நோய்க்கு இவ்வளவு அக்கறை ஏன்?

நாட்டில் குறைவாக உள்ள நோய்க்காக ஏன் அலைய வேண்டும் என்று கேட்கலாம். எல்லோரும் அலையத் தேவையில்லை. ஆனால் இந்த வைரஸ் இருபது முப்பது வருடம் ஓசையில்லாமல் ஈரலைத் தழும்பாக்கி, கடைசியில் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடும். தேசிய குருதி மாற்றுச் சேவை கொடையாகப் பெறும் குருதி முழுவதையும் சோதிப்பதால் புதிய தொற்றுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. பழைய தொற்று அதனால் வெளிப்படாது. வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். இந்தியாவில் கொடைக்குருதிக்கு இந்தச் சோதனை கட்டாயமானது 2000களின் தொடக்கத்தில். 1990இல் அகதிகளாகத் தமிழகம் போய்த் திரும்பிய திருகோணமலைக் குடும்பங்களில், அக்காலத்தில் அங்கே இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு தடவை சோதித்துக்கொள்வது நியாயம். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம். உலகெங்கும் குருதிச் சுத்திகரிப்புப் பிரிவுகள் இந்த வைரஸ் பரவக்கூடிய இடங்களாக இருப்பதால், அந்தச் சிகிச்சை பெறுவோருக்கும் சோதனை வேண்டும். போதை ஊசியைப் பகிர்ந்தவர்கள், சுத்தமற்ற ஊசியால் பச்சை குத்தியவர்கள், தொற்றுள்ள தாயின் பிள்ளைகள் ஆகியோரும் இதே வரிசையில் வருவார்கள்.

பன்னிரண்டு கிழமை மாத்திரை

இந்த நோய்க்கு மருந்தில்லை என்ற பேச்சு ஒரு காலத்துக்குப் பொருந்தியது. அப்போது இன்டர்ஃபெரான் ஊசியை 48 கிழமை வரை போட்டும் பாதிப்பேர் அளவில்தான் குணமானார்கள். மனச்சோர்வும் காய்ச்சலும் அதோடு வந்தன. 2013 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் நிலைமையை மாற்றியது. அங்கே ஒருவருக்கான சிகிச்சை 84,000 டொலர் என்று விலை வைத்தார்கள். அடுத்த வருடமே இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்ததால் விலை பல மடங்கு இறங்கியது. இன்று அதை டக்ளாடஸ்விர் அல்லது வெல்படஸ்விரோடு சேர்த்துப் பெரும்பாலும் 12 கிழமை விழுங்கினால் 95 வீதத்துக்கும் மேலானோர் குணமடைகிறார்கள். தொடங்குமுன் ஈரலழற்சி பி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும். வலிப்புக்கும் இதயத்துக்கும் அமிலத்துக்கும் எடுக்கும் மாத்திரைகளை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

கீழ்க்காய்நெல்லி போதாதா என்ற கேள்வியும் வரும். செங்கமாரி பல தடவை உணவாலும் தண்ணீராலும் வரும் ஈரலழற்சி ஏயாக இருக்கும். அது தானாகவே மாறும், பெயர் மூலிகைக்குப் போகும். சி வைரஸ் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளே காட்டாமல் தங்கிவிடுகிறது. கண் வெளுத்துவிட்டது என்பதை வைத்து அது போய்விட்டது என்று சொல்ல முடியாது.

தனித்தட்டு வேண்டாம்

ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே சட்டியில் சாப்பிடுவதாலோ, கட்டியணைப்பதாலோ, தாய்ப்பாலாலோ இது தொற்றாது. தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேட்டும் பல் துலக்கியும் நகவெட்டியுந்தான். மாத்திரை முடிந்து 12 கிழமை கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பார்த்து, வைரஸ் இல்லையென்றால் குணம் உறுதி. அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகும் ஆன்டிபாடி அட்டை கோடு காட்டும், அப்போது பதில் சொல்ல அந்தக் காகிதம் வேண்டும். ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் தொடர வேண்டும்.

ஏஜென்சி திருப்பிக் கொடுத்த அறிக்கையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ போய், ‘எனக்கு ஆர்.என்.ஏ. சோதனை செய்ய வேண்டுமா?’ என்று கேளுங்கள்.