எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தாலே பல்லைத் துளைக்க வேண்டுமா?

"பல் இடுக்குல சொத்தை ஆரம்பிச்சிருக்கு, அடைச்சிடலாம்" என்று மருத்துவர் சொன்னதும் நாம் வாயைத் திறந்துவிடுகிறோம். அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "குழி விழுந்துடுச்சா டாக்டர்?" சிகிச்சையே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டும் இடத்தில் தொடங்கும் சொத்தை வலிக்காது, கண்ணாடியிலும் தெரியாது. பைட்விங் எக்ஸ்ரேயில் எனாமலுக்குள் சின்னக் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். நிழல் எனாமலைத் தாண்டாதவரை பெரும்பாலும் மேற்பரப்பு உடைந்திருக்காது. அமிலம் தாது உப்புகளை அரித்திருக்கும், அவ்வளவுதான். இந்த நிலையில் அதை நிறுத்த முடியும். ஃப்ளோரைடு பேஸ்ட், இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல், அடிக்கடி இனிப்பு கொறிப்பதை விடுவது, மருத்துவர் பூசும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் ஆகியவையே பலருக்குப் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் ரெசின் ஊடுருவல் சிகிச்சை உண்டு. ஜெர்மனியில் உருவானது. ஆப்பு வைத்துப் பற்களைச் சற்றே விலக்கி, 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல்லை இரண்டு நிமிடம் தடவிக் கழுவுவார்கள். ஆல்கஹாலால் உலர்த்தியதும் நீர்போன்ற ரெசின் எனாமலின் நுண்துளைகளில் இறங்கும். ஒளி காட்டி இறுக வைப்பார்கள். டிரில் தேவையில்லை. ஆனால் எல்லா கிளினிக்கிலும் இது கிடைக்காது. குழி விழுந்த பல்லுக்கும் பயன்படாது. அதை அடைத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சையில் போய் நிற்கும்.

அவசரத் துளைப்பை நான் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. இடுக்குச் சொத்தையை எட்ட, மேலிருந்து நல்ல பல்லையும் வெட்ட வேண்டும். பக்கத்துப் பல்லில் கீறல் விழலாம். அடைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகும்.

மாற்று சிகிச்சைகளையும் ஆபத்துகளையும் நோயாளிக்குச் சொல்லியே ஒப்புதல் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. சொல்லாமல் துளைத்து, அதனால் பாதிப்பும் வந்திருந்தால், கட்டணம் கட்டிய சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம். ரசீதும் எக்ஸ்ரே பிரதியும் கையில் இருக்கட்டும்.

ரெசின் செய்துகொண்டவர்கள் எந்தப் பல், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரெசின் எக்ஸ்ரேயில் தெரியாது. பழைய நிழல் அப்படியே இருக்கும். விவரம் தெரியாத அடுத்த மருத்துவர் அதைப் புதுச் சொத்தை என்று துளைத்துவிடக் கூடும்.