மீட்புக்குப் பின்

கடத்தல்காரரிடமிருந்து சிறாரை மீட்பதுடன் கடமை முடிந்ததாகப் பலரும் கருதினாலும், உறக்கமின்மை, திடீர் அச்சம், எவரையும் நம்ப இயலாமை என வெளிப்படும் மனவடு, அதாவது கொடுமை நீங்கிய பின்னரும் உள்ளத்தில் தங்கிவிடும் காயம், ஆற நெடுங்காலம் பிடிக்கிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவே, வீட்டுச் சூழலை விசாரித்து, குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு, அதனைக் குடும்பத்திடம் ஒப்படைப்பதா குழந்தைகள் இல்லத்தில் தங்கவைப்பதா என முடிவு செய்கிறது. உறவினரே கடத்தலுக்கு உடந்தையாக இருந்திருக்கக்கூடும் என்பதால், அவசரமாக வீட்டுக்கு அனுப்புவது பெருந்தவறு. கடத்தலுடன் பாலியல் குற்றமும் நேர்ந்த வழக்குகளில், சாட்சியம் அளிக்கக் குழந்தையை மீண்டும் மீண்டும் அழைக்கலாகாது என பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வலியுறுத்துகிறது. ஐயத்துக்குரிய நிலையில் ஒரு சிறாரைக் காண்போர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.