வெற்றிடமும் வேற்றுமை உருபும்

ஜோர்ஜ் டவுனில் ஒரு மாணவி தம் கைப்பேசியை என்னிடம் காட்டி, “ஐயா, இது சரியான தமிழா?” என்று வினவினார். திரையில், “நீங்கள் பினாங்குஇல் இருக்கிறீர்கள்” என்றிருந்தது. சொற்கள் அனைத்தும் தமிழே. ஆயினும் தொடர் தமிழாகவில்லை.

1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இல் கைப்பேசியில் தமிழெழுத வழிவகுத்தது. எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. எஞ்சி நிற்பது இலக்கணச் சிக்கல்.

செயலியை உருவாக்கும் நிரலர், தொடரின் நடுவே ஒரு வெற்றிடம் விட்டு, அதில் ஊர்ப்பெயரைக் கணினியே நிரப்புமாறு அமைக்கிறார். மலாயில் இதனால் இடரில்லை. ‘டி’ என்னும் முன்னிடைச்சொல் தனித்து நிற்க, ‘டி ஈப்போ’, ‘டி கூலிம்’ என எப்பெயரும் மாற்றமின்றிப் பொருந்தும். தமிழிலோ உருபு பெயரோடு புணர்கிறது. பினாங்கு என்பதன் குற்றியலுகரம் கெட்டுப் ‘பினாங்கில்’ என்றாகும். ஈப்போ உடம்படுமெய் பெற்று ‘ஈப்போவில்’ என்றாகும். வெற்றிடத்தின் அருகே ‘இல்’ என்று எழுதிவைத்தால் இப்புணர்ச்சி நிகழாது.

எண்ணும் இவ்வாறே. மலாயில் ‘ஒன்று’, ‘பத்து’ எதன்பின் வரினும் பெயர் மாறுவதில்லை. தமிழில் ‘ஒரு கோப்பு’, ‘பத்துக் கோப்புகள்’ என இரு வடிவங்கள் வேண்டும். யூனிகோட் கூட்டமைப்பின் வட்டாரத் தரவுக் களஞ்சியம் மலாய்க்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, அரபுக்கு ஆறு என எண்வகைகளைப் பகுத்துள்ளது.

ஆகவே, மொழிபெயர்ப்பு இரண்டாம் படியே. எம்மொழியின் இலக்கணத்திற்கும் இடங்கொடுக்குமாறு செயலியை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவது முதற்படி. இதனை அனைத்துலகமயமாக்கல் என்பர். நிரலர் தொடரைத் துண்டுகளாக்காமல் முழுமையாக மொழிபெயர்ப்பாளரிடம் அளித்தல் வேண்டும். அப்போது அவர், “நீங்கள் இருக்கும் ஊர்: பினாங்கு” என மாற்றியமைத்து உருபையே தவிர்த்துவிடலாம்.

பிழைத்தமிழை நாள்தோறும் திரையில் காணும் மாணவர் அதனையே சரியென எண்ணக்கூடும். அல்லது சலித்து ஆங்கிலத்திற்கு மாறிவிடுவர். இரண்டும் நமக்கு இழப்பே. ஆசிரியர்கள் புணர்ச்சிப் பாடத்தின்போது இத்தகைய திரைத்தொடர்களைத் திரட்டச் செய்து, பிறழ்ந்த விதியைப் பெயர்சுட்டி, திருத்தத்தை உருவாக்குநருக்கு எழுதியனுப்பச் செய்யலாம். நிரலருக்குத் தெரியாத அவ்விதி, நம் மாணவருக்குத் தெரியும்.