நெடுநாள் நிற்கும் ஓட்டச் சாதனைகள்

பள்ளி விளையாட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பந்தயத்திற்கும் எதிரே ஒரு நேரமும் ஓர் ஆண்டும் அச்சிடப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். நெடுந்தொலைவு ஓட்டங்களில் அந்த ஆண்டு, ஓட வந்திருக்கும் மாணவன் பிறப்பதற்கு முந்தியதாக இருப்பதும் உண்டு. இத்தகைய சாதனைகள் ஏன் இவ்வளவு காலம் நிற்கின்றன? இனி அவை வீழுமா? இவ்வினாவுக்கு விடை காண மாணவனின் கால்களை மட்டும் ஆராய்ந்தால் போதாது. ஓடும் பாதை, காற்றின் ஈரம், கடிகாரம், அளவுநாடா ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

பள்ளிச் சாதனைகளில் உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. கான்சாஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஜிம் ரியன் 1964இல் ஒரு மைல் தொலைவை 4 நிமிடத்திற்குள் ஓடினார். மறு ஆண்டு சான் டியாகோவில் அதனை 3 நிமிடம் 55.3 வினாடியில் ஓடி, ஒலிம்பிக் வெற்றியாளரான பீட்டர் ஸ்னெல்லையே பின்தள்ளினார். அந்தப் பள்ளிச் சாதனை 36 ஆண்டுகள் நின்றது. 2001இல் ஆலன் வெப் 3 நிமிடம் 53.43 வினாடியில் ஓடி அதனை வீழ்த்தினார். ஜெர்ரி லிண்ட்கிரென் 1964இல் 5,000 மீட்டரை 13 நிமிடம் 44 வினாடியில் ஓடிய பள்ளிச் சாதனையோ 40 ஆண்டுகளுக்குப் பின் 2004இல்தான் கேலன் ரப்பிடம் வீழ்ந்தது. இடைக்காலத்தைப் பற்றிய ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 1967க்குப் பின் 2001 வரை அந்நாட்டின் பள்ளி மாணவருள் ஒருவர்கூட ஒரு மைலை 4 நிமிடத்திற்குள் ஓடவில்லை. ஒருவர் மிக உயர்ந்து நின்றதோடு, பின்வந்தோரின் தரமும் தாழ்ந்தே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இதே கதை நிகழ்ந்துள்ளது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்ரீராம் சிங் 800 மீட்டர் இறுதிப் பந்தயத்தின் முதற் சுற்றில் முன்னணியில் ஓடி, ஏழாவதாக முடித்தார். அன்று அவர் ஓடிய 1 நிமிடம் 45.77 வினாடி, 42 ஆண்டுகள் இந்தியச் சாதனையாக நின்றது. 2018இல் அதனை முறியடித்தவர் கோழிக்கோடு மாவட்டத்துச் சக்கிட்டபாறையைச் சேர்ந்த ஜின்சன் ஜான்சன். 2025இல் மற்றொரு கேரள வீரரான முகம்மது அஃப்சல் அதனையும் கடந்தார். தடை தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் கோபால் சைனி 1981இல் டோக்கியோவில் 8 நிமிடம் 30.88 வினாடியில் ஓடிய சாதனை 37 ஆண்டுகள் அசையவில்லை. ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் முடித்த மாரத்தான் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எட்டாத உயரத்தில் இருந்தது.

கோபால் சைனியின் சாதனை வீழ்ந்தபின் நடந்தது இன்னும் வியப்பானது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த அவினாஷ் சாப்ளே 2018இல் அதனை ஒரு வினாடிக்குச் சற்று மிகுதியாக மட்டுமே முந்தினார். 2024இல் பாரிசில் அவர் ஓடிய நேரம் 8 நிமிடம் 9.91 வினாடி. முப்பத்தேழு ஆண்டுகள் நகராத எல்லை ஆறே ஆண்டுகளில் இருபது வினாடி நகர்ந்துவிட்டது! அந்த எல்லை மனித உடலின் எல்லை அன்று. பயிற்சியின் எல்லையே என்று கொள்வதில் தவறில்லை.

இங்குக் கணிதம் ஓர் எச்சரிக்கை தருகிறது. ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் முதலிடம் பெறுபவரின் நேரங்கள், தரத்தில் முன்னேற்றமோ பின்னேற்றமோ இன்றித் தற்செயலாகவே மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டின் நேரம் தானாகவே சாதனை. இரண்டாம் ஆண்டில் புதுச் சாதனை பிறக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்தாம் ஆண்டில் பத்தில் ஒன்று. ஐம்பதாம் ஆண்டில் ஐம்பதில் ஒன்று. ஐம்பது ஆண்டுகளில் மொத்தம் நான்கைந்து சாதனைகளே எதிர்பார்க்கத்தக்கவை. மழையளவைப் பதிவு செய்யும் களப்பணியாளர்கள் இதனை எளிதில் உணர்வர்: பதிவேடு நீள நீள, ‘இதுவரை காணாத மழை’ என்று எழுதும் நாள்கள் அருகும். ஆகவே ஒரு சாதனை நெடுங்காலம் நிற்பது மட்டுமே இக்கால மாணவர் சோம்பேறிகள் என்பதற்குச் சான்றாகாது. பழங்காலத்தைப் போற்றும் பெரியோர் இதனை மனத்திற்கொள்வது நன்று.

இனி ஓடும் சூழலைக் காண்போம். 2024 நவம்பரில் கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழா கொச்சியில் நடைபெற்றது; ஓட்டப் பந்தயங்களுக்குக் களமாயிருந்தது எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரித் திடலின் செயற்கைப் பாதை. காயலுக்கு அப்பால், அங்கிருந்து சில மைல் தொலைவில் கும்பளங்கி உள்ளது. நீர் சூழ்ந்த ஊர். சீனவலைகளும், மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும் பின்னர் இறாலும் விளையும் வயல்களும் நிறைந்தது. இத்தகைய ஊர்களில் 400 மீட்டர்ச் சுற்றுக்கு இடம் காண்பது அரிது. சிறு திடலில் சுண்ணாம்புக்கோடிட்டு ஓடிப் பழகும் பிள்ளையும், செயற்கைப் பாதையில் நாள்தோறும் ஓடும் பிள்ளையும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

ஈரக் காற்றின் தாக்கத்தைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். சமதளத்தில் ஓடுபவர், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் 5 கிலோமீட்டர் ஓடினால் 250 கிலோகலோரி செலவாகும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 200 கிலோகலோரி, வெப்பமாக மாறுகிறது என்று கொள்வோம். அவன் உடலின் வெப்பநிலை ஒரு பாகை உயர 42 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியில்லையெனில் பந்தய முடிவில் உடல் வெப்பம் ஏறத்தாழ ஐந்து பாகை உயர்ந்து உயிருக்கே ஊறு நேரும். அவனைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். எனவே மூன்றில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஆவியானாலே போதும். ஆனால் ஆவியாக வேண்டும் என்பதே இங்கு முதன்மையானது. காயற்கரைக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீழ்கிறது. சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை; உடலின் நீரைக் குறைப்பதோடு சரி. குருதியின் ஒரு பகுதி தோலை நோக்கித் திருப்பப்படுவதால் தசைகளுக்குச் செல்லும் குருதி குறைகிறது, ஓட்டம் தளர்கிறது. இக்காரணத்தால், குளிர்ந்த வடபுல நகரொன்றில் ஏற்பட்ட சாதனையைக் கொச்சியின் நண்பகலில் எதிர்பார்ப்பது அறிவுக்குப் பொருந்தாது.

காலணியும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. கரிம இழைத் தகடும் தடித்த மென்னுரை அடியும் கொண்ட புதுவகைச் சாலையோட்டக் காலணி, ஓட்டத்தின் ஆற்றற் செலவைச் சராசரியாக நூற்றுக்கு நான்கு பங்கு குறைப்பதாக 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஓடுபாதைக் காலணியின் அடித்தடிமன் 20 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாதென்று உலகத் தடகளச் சங்கம் 2024 நவம்பர் முதல் வரையறுத்துள்ளது. பழைய சாதனைகள் பலவும் அண்மை ஆண்டுகளில் வீழ்வதற்கு இக்காலணி ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வெறுங்காலுடன் பயிலும் பிள்ளைக்கும் அக்காலணி அணிந்த பிள்ளைக்கும் இடையே அது புதியதொரு வேற்றுமையை உண்டாக்குகிறது.

அளவைப் பற்றி ஆசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கோடு மட்டும் உள்ள பாதையில், உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளித் தொலைவை அளக்க வேண்டும் என்பது விதி. உயர்ந்த விளிம்பு கட்டிய பாதையில் 30 சென்டிமீட்டர். கோட்டின் மீதே நாடாவை வைத்து 200 மீட்டர் அளந்துவிட்டால், ஓடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் 1.26 மீட்டர் மிகுதியாக ஓடுகிறார். 5,000 மீட்டருக்கு 25 சுற்றுகள். ஆகவே 31 மீட்டர் மிகை. வினாடிக்கு 5 மீட்டர் ஓடும் மாணவனுக்கு இது ஆறு வினாடிக்கு மேலான இழப்பாகும். எத்தனையோ சாதனைகள் ஆறு வினாடிக்கும் குறைந்த வேறுபாட்டில் நிற்கின்றன! கைக்கடிகாரத்தால் நேரம் குறிக்கையில் மூவர் தனித்தனியே குறித்து, மூன்றும் வேறுபட்டால் நடுநேரத்தைக் கொள்ள வேண்டும். இருவர் மட்டும் இருப்பின் நீண்ட நேரத்தைக் கொள்ள வேண்டும். நூற்றிலொரு பங்கு வினாடி காட்டும் கடிகாரமாயினும், அடுத்த பத்திலொரு பங்குக்கு உயர்த்தியே எழுத வேண்டும்.

வயதும் ஓர் அளவே. 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 வயதிற்குட்பட்டோர் என்று பிரித்துப் போட்டிகளை நடத்துகிறது. பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையே ஒரு சிறுவனின் இதயமும் தசையும் அடையும் வளர்ச்சி, எந்தப் பயிற்சியாலும் ஈடுசெய்ய இயலாதது. பிறப்புச் சான்று திருத்தப்பட்டு ஏற்பட்ட சாதனையை நேர்மையான சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துரத்திக்கொண்டிருப்பர். மணிக்கட்டு எலும்பை எக்ஸ்கதிரால் நோக்கி வயதை மதிப்பிடும் முறை இதற்காகவே கைக்கொள்ளப்படுகிறது.

என் கணிப்பு இது: 1,500 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளிச் சாதனைகள் பலவும், செயற்கைப் பாதையும் நல்ல காலணியும் பரவும் இடங்களில் விரைவில் வீழும். வயது ஐயமுள்ளவையே நெடுநாள் நிற்கும். ஆனால் சாதனையை வீழ்த்தும் அவசரத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை வாரந்தோறும் பந்தயத்தில் இறக்குவது தகாது. வளரும் எலும்பின் நுனிகள் இடைவிடாத மோதலைத் தாங்கா. மாணவியர் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையோர். உயிர்வளியைத் தசைக்குச் சுமந்து செல்லும் செந்நிறப் பொருள் குறைந்த குருதியோடு ஓடும் பெண்ணுக்குக் கூடுதல் சுற்றுகளை விதிப்பதற்கு முன், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் குருதிச் சோதனை செய்விப்பதே முதற் பயிற்சி. கும்பளங்கி போன்ற கரையோர ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் மீன் இதற்கு நல்லுணவு. இறைச்சியையும் மீனையும் விலக்குவோர் கீரை, பயறு ஆகியவற்றோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு ஈர்க்கப்படும்.

நேரப் பதிவேட்டில் மேலும் இரண்டு பத்திகளை ஆசிரியர்கள் சேர்ப்பது பயன் தரும்: பந்தயம் தொடங்கிய வேளையில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் காட்டிய அளவுகள். வானிலை நிலையத்திலோ வேளாண் பண்ணையிலோ பணிபுரியும் களப்பணியாளரிடம் இவ்விரு கருவிகளும் இருக்கும். அதிகாலை ஆறு மணிக்கும் காலை பத்து மணிக்கும் ஒரே மாணவனை வெவ்வேறு நாள்களில் ஓடவிட்டு இரண்டு நேரங்களையும் அடுத்தடுத்து எழுதினால், பழைய சாதனையிலிருந்து அவன் எவ்வளவு பின்தங்கியுள்ளான் என்பதோடு, அந்தப் பின்னடைவில் வெயிலின் பங்கு எத்தனை வினாடி என்பதும் பதிவேட்டிலேயே தெரியும்.