காந்தத் திரவங்களில் வெப்பக் கடத்தல்

விண்வெளியில் நிறையின்றி மிதக்கும் ஏவூர்தி எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செலுத்தும் நோக்குடன், 1963 இல் நாசா நிறுவனத்தின் ஸ்ரீபன் பப்பெல் உருவாக்கியதே காந்தத் திரவம். அதில் மிதப்பவை சில நனோமீற்றர் விட்டமுடைய இரும்பொட்சைட்டுத் துணிக்கைகள்.

காந்தப்புலம் இல்லாதபோது இத்தகைய திரவத்தின் வெப்பக் கடத்துதிறன், 1873 இல் மக்ஸ்வெல் வெளியிட்ட தொடர்பைப் பெரிதும் மீறுவதில்லை, கனவளவில் 6.3 சதவீதம் துணிக்கைகள் இருப்பின், அத்தொடர்பு தரும் அதிகரிப்பு ஏறத்தாழ 20 சதவீதமே. ஆயின் அதே செறிவில், புலத்தைப் பிரயோகித்து, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தினர் 2007 இல் 300 சதவீத அதிகரிப்பை அறிவித்தனர். இதில் மாயம் ஏதுமில்லை. புலத்தின் திசையில் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலிகளாகின்றன. வெப்பமும் அத்திசையிலேயே பாயுமாயின், திண்மத்தினூடாகத் தொடர்ச்சியான பாதை அதற்குக் கிடைக்கின்றது. புலம் செங்குத்தாயின் பயன் அற்பமே.

துணிக்கையின் சிறுமையே விந்தை புரிகின்றது என்ற ஆரவாரத்தை, 30 இற்கு மேற்பட்ட நிறுவனங்கள் கூடி நடத்தி 2009 இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு பெரிதும் தணித்தது. புலமற்ற நனோத் திரவங்களுக்கு மக்ஸ்வெல் வழிவந்த விளக்கமே போதுமாயிற்று. 300 என்ற எண்ணை மட்டும் எடுத்தோதுவோர் அதன் விலையை மறந்துவிடுகின்றனர்: வெப்பத்துக்கு வழிவிடும் அச்சங்கிலிகளே ஓட்டத்தை மறிக்கின்றன, பிசுக்குமை உயர, திரவத்தைச் செலுத்தும் பம்பியின் வேலையும் உயர்கின்றது.