லீலாவும் எலெனாவும்: நட்பும் நஞ்சும்

எலெனா ஃபெரான்டே என்ற புனைபெயரில் எழுதும் இத்தாலிய எழுத்தாளரின் 'புதிய பெயரின் கதை' 2012-இல் வெளிவந்தது. நேப்பிள்ஸின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளரும் லீலா, எலெனா என்ற இரண்டு தோழிகளின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நாவல்களில் இது இரண்டாவது. முதல் நாவல் 2011-இலும் கடைசி நாவல் 2014-இலும் வந்தன.

இருவரும் 1944-இல் பிறந்தவர்கள். லீலா செருப்புத் தைப்பவரின் மகள். எலெனாவின் அப்பா நகராட்சி அலுவலகப் பியூன். வகுப்பில் கெட்டிக்காரி லீலாதான். ஆனால் அவள் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட, எலெனா மேலே படிக்கிறாள். நட்புக்குள் நஞ்சு ஊறத் தொடங்குவது இங்கேதான். தனக்குக் கிடைத்தது தோழிக்கு மறுக்கப்பட்டது என்ற உறுத்தல் எலெனாவை விடுவதில்லை. லீலா மெச்சினால்தான் அவளுக்குத் தன் எழுத்திலேயே நம்பிக்கை வரும். லீலாவோ படி படி என்று தூண்டுவாள். இன்னொரு நாள் அந்தப் படிப்பையே மட்டம் தட்டுவாள்.

பதினாறு வயதில் லீலா மளிகைக்கடைக்காரன் ஸ்தெஃபானோவை மணக்கிறாள். தேனிலவிலேயே அடி விழுகிறது. அடுத்த கோடையில் எலெனாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இஸ்கியா தீவுக்குப் போகிறாள். அங்கே நீனோ இருக்கிறான். சிறு வயதிலிருந்தே எலெனா மனதுக்குள் விரும்பி வந்தவன் அவன். லீலாவும் அவனும் காதலிக்கத் தொடங்குகிறார்கள். வாய் திறந்து தன் ஆசையைச் சொல்லாத எலெனா, அவர்கள் சந்திப்பதற்காகப் பொய்யும் சொல்கிறாள். நாவலின் மிகக் கூர்மையான பகுதி இதுவே. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று வாசகரால் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அன்றைய இத்தாலியில் அந்தக் காதல் ஊர்வாய்க்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் அஞ்ச வேண்டியது. பிற ஆணோடு உறவு கொண்ட மனைவியைத் தண்டனைச் சட்டத்தின் 559-ஆம் பிரிவு சிறைக்கு அனுப்ப முடியும். கணவன் செய்தால் அதே அளவுகோல் இல்லை. வைப்பாட்டியை வீட்டிலோ ஊரறியவோ வைத்திருந்தால்தான் குற்றம். மனைவியை மட்டும் குறிவைத்த இந்த அநீதியை அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது 1968-இல்தான். விவாகரத்துச் சட்டம் வந்தது 1970-இல். இஸ்கியாவில் காதலித்த லீலாவுக்கு முறையாக வெளியேற வழியே கிடையாது.

கதையைச் சொல்பவள் எலெனா என்பதை மறந்துவிடக் கூடாது. 1966-இல் லீலா தன் குறிப்பேடுகளைத் தகரப் பெட்டியில் வைத்து, படிக்காதே என்று சொல்லி அவளிடம் ஒப்படைக்கிறாள். எலெனா அவற்றைப் படிக்கிறாள், பல பகுதிகளை மனப்பாடமும் செய்கிறாள், பிறகு பெட்டியைப் பீசா நகரில் ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடுகிறாள். ஆகவே லீலாவைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவள்மீது பொறாமையும் பாசமும் கொண்ட ஒருத்தியின் வாய்மொழி. எலெனா எழுதிப் பெயர் வாங்கும் முதல் நாவலும், லீலா பத்து வயதில் எழுதிய 'நீலத் தேவதை' கதையிலிருந்து முளைத்தது என்பது பின்னால் அவளுக்கே தெரிகிறது.

ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இந்நாவல்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. 2018-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வரத் தொடங்கின. இந்த நூற்றாண்டின் சிறந்த நூல்களுக்காக 2024-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்றது இவ்வரிசையின் முதல் நாவல்.