செஞ்சியின் குரலைக் காக்க ஒரு பழைய கணினி

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கண்ணில் வருவது கல்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றைச் சுற்றி வளைத்த மதில், நடுவே அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் போர்க் கோட்டைகள் என்ற வகையில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. கல்லைக் காக்க இனி உலகமே துணை நிற்கும்.

ஆனால் செஞ்சிக்குக் கல் மட்டும் சொத்தல்ல, குரலும் சொத்து. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜன், ஏட்டு வரலாற்றில் சில பக்கங்களோடு முடிந்துபோனவன். அவனை முந்நூறு ஆண்டுகளாக உயிரோடு வைத்திருப்பது நாட்டார் பாடகர்களின் தொண்டை. செஞ்சியின் இன்னொரு குரல் திரௌபதி அம்மன் வழிபாட்டில் ஒலிக்கிறது. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில் இருக்கும் திரௌபதி அம்மன் கோயிலை இந்த வழிபாட்டின் ஆதி இடமாக வட்டாரத்தில் மதிக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியிட்ட பெரிய நூலின் தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குப் போகிறது. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியப் பெட்டியும் விடிய விடிய ஒலிக்கும்.

அந்தக் குரல்கள் எங்கே சேமிக்கப்பட்டன? பெரும்பாலும் கேசட்டில். மைக் செட்காரர் பதிவு செய்து வைத்தது, ரசிகர் மேடை ஓரம் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்ப ஒரு பிரதி எடுத்தது. அவற்றில் பல இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பதற்கான கருவியும் பெரும்பாலும் அதே பரண்மேல், அதே தூசியில் கிடக்கிறது: பழைய டெஸ்க்டாப் கணினி. அந்தக் கணினிக்குப் பேசவும் கேட்கவும் கற்றுக்கொடுக்க அன்று பட்ட பாட்டையும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அன்று

1981இல் வந்த ஐபிஎம் கணினியில் இருந்தது ஒரு சிறிய ஸ்பீக்கர் மட்டுமே. அதற்கு ‘பீப்’ என்று கத்தத் தெரியும், பாடத் தெரியாது. 1987இல் கனடாவிலிருந்து ஆட்லிப் அட்டை வந்தது, யமஹா சில்லின் துணையால் கணினிக்கு இசை வந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. அதை உருவாக்கிய சிம் வோங் ஹூ, பெரிய தொழில் நாடு எதிலும் இல்லாமல், ஒரு சின்னத் தீவிலிருந்து உலகத்தின் கணினிகளையெல்லாம் பேச வைத்தவர். 2023 ஜனவரியில் காலமானார். 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, சிடி தரத்தில் ஒலியைப் பதிவு செய்யவும் திருப்பிப் பாடவும் வழி செய்தது.

செஞ்சி போன்ற ஊருக்கு இவை வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. தொண்ணூறுகளின் கடைசியில் ‘மல்டிமீடியா சிஸ்டம்’ என்றால் தனி மதிப்பு. வேண்டிய பாகங்களுக்குப் பாண்டிச்சேரிக்கோ, 150 கிலோமீட்டர் தாண்டிச் சென்னை ரிச்சி தெருவுக்கோ பஸ் ஏற வேண்டும். சவுண்ட் கார்டு, சிடி டிரைவ், ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு மைக் எல்லாம் அட்டைப் பெட்டியில் திண்டிவனம் வழியாக மடியில் ஏறி ஊர் வரும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கேபினட்டைத் திறந்து, காலியாக உள்ள ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் அட்டையை அழுத்த வேண்டும். அட்டை உட்கார்ந்துவிட்டால் போதாது. அது கணினியின் கவனத்தை அழைக்க ஐஆர்க்யூ என்ற ஓர் எண் வேண்டும், நினைவகத்தோடு நேரடியாகப் பேச டிஎம்ஏ என்ற இன்னோர் எண் வேண்டும், முகவரி ஒன்றும் வேண்டும். ஐஆர்க்யூ 7 வைத்தால் பிரிண்டரோடு மோதும். 5 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பழைய அட்டைகளில் இதை ஜம்பர் என்ற சிறு பிளாஸ்டிக் தொப்பியை இடம் மாற்றி வைத்துத்தான் சொல்ல வேண்டும். டாஸ் விளையாட்டுகளுக்காக 220, 5, 1 என்ற எண்களைத் தொடக்கக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். விண்டோஸ் 95 வந்தபோது, செருகினால் தானே கண்டுகொள்ளும் என்றார்கள். பாதி நேரம் கண்டுகொண்டது. மீதி நேரம் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி வந்து நின்றது.

சிடி டிரைவில் பாட்டு சிடியைப் போட்டால் திரையில் நேரம் ஓடும், சத்தம் வராது. டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போக வேண்டிய மெல்லிய நான்கு முனை வயரை மாட்ட மறந்திருப்பார்கள். படம் பார்க்கும் வீடியோ சிடியின் கதை இன்னும் கடினம். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. 486 கணினியில் போட்டால் படம் திக்கித் திக்கி நகரும். அதைச் சரிசெய்யத் தனியாக எம்பெக் கார்டு வாங்க வேண்டும். பென்டியம் எம்எம்எக்ஸ் வந்த பிறகுதான் அந்தச் செலவு ஒழிந்தது.

இத்தனை பாட்டுக்கும் ஒரு பலன் இருந்தது. ஒலி எங்கே தொடங்கி எந்த வழியாக வந்து எங்கே முடிகிறது என்று ஊர் மெக்கானிக் ஒருவருக்கு விரல்நுனியில் தெரிந்தது. அட்டையின் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மீண்டும் செருகினால் உயிர் வரும் என்பதும், மோனிட்டருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் நிறம் திரியும் என்பதும் கையால் கற்ற பாடங்கள்.

இன்று

1997இல் இன்டெல் கொண்டுவந்த ஏசி97 முறை இந்த உலகத்தை மாற்றியது. ஒலிக்கான சில்லை மதர்போர்டிலேயே பதித்துவிட்டார்கள். 2000க்குப் பிறகு வந்த மலிவான அசெம்பிள்டு சிஸ்டங்களில் தனி அட்டை தேவைப்படவில்லை. துளைகளுக்கு நிறம் வந்தது: ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ், வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க நீலம். 2004இல் ஹெச்டி ஆடியோ வந்தது, எதில் எதைச் செருகினீர்கள் என்று கணினியே கேட்கத் தொடங்கியது. இப்போது பள்ளி மாணவர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்தால் ஒலி தயாராக இருக்கிறது. சவுண்ட் கார்டு என்ற சொல்லையே அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. இது பெரிய நன்மை. ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏற வழியில்லாத குடும்பத்துப் பிள்ளையும் இன்று பாடம் கேட்கிறது, படம் தொகுக்கிறது.

கூத்தும் மாறியிருக்கிறது. திருவிழா இரவில் இருபது கைப்பேசிகள் உயர்கின்றன, விடிவதற்குள் காட்சி யூடியூபில் ஏறுகிறது. அடுத்த தலைமுறைக் கலைஞர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் கைப்பேசியின் மைக் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. முகவீணையின் உச்சியையும் தாளத்தின் வெட்டையும் அது இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். வாட்ஸாப்பில் கைமாறக் கைமாற ஒலி மேலும் தேயும்.

இந்த வளர்ச்சியில் சத்தமில்லாமல் போனது ஒன்று உண்டு. அது அந்த நீலத் துளை. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் ஒரே ஒரு துளைதான், அதுவும் ஹெட்போனும் மைக்கும் பகிர்ந்துகொள்வது. பல கைப்பேசிகளில் அந்த ஒன்றும் இல்லை. புதிய கருவிகளுக்கு வாய் பெரிதாகிவிட்டது, காது சிறுத்துவிட்டது. கேசட் பிளேயரின் ஒலியை இரண்டு சேனலிலும் சிதையாமல் உள்ளே வாங்கும் வசதி, நாம் பயனற்றது என்று ஒதுக்கிய பழைய டெஸ்க்டாப்பின் முதுகில் இருக்கிறது.

அந்த டெஸ்க்டாப்புகளுக்கு இப்போது நேரமும் குறைவு. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்காது. அதனால் வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்த பெட்டிகள் கிலோ கணக்கில் பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. கேசட்டுக்கும் நேரம் குறைவு. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய அந்த நாடா, செஞ்சி வெயிலில் தகிக்கும் பரணில் முப்பது நாற்பது ஆண்டு தாங்கியதே பெரிது. பூஞ்சை பிடிக்கிறது, நாடா ஒட்டிக்கொள்கிறது, காந்தப் பூச்சு உதிர்கிறது. கல் முந்நூறு ஆண்டு காத்திருக்கும், நாடா காத்திருக்காது.

செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய செலவு இல்லை. பென்டியம் 4 காலத்துப் பெட்டியே போதும். முதலில் தூசி தட்டுங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும், மாற்றுங்கள். கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள். முன்பக்கத் துளைகளின் வயரைக் கழற்றிய ஏசி97 போர்டில் பின்பக்கமும் ஊமையாகிவிடும். அப்போது முன்பக்க ஆடியோ முனைகளில் 5-6, 9-10 இரண்டையும் ஜம்பரால் இணைத்தால் ஒலி திரும்பும். இருக்கிற விண்டோஸ் எக்ஸ்பி போதும், இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள். டிரைவர் சிடி தொலைந்திருந்தால் லினக்ஸ் போடுங்கள். 2003இல் வந்த 2.6 கெர்னலிலிருந்து ஆல்சா என்ற ஒலி அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, பழைய சில்லுகளில் பெரும்பாலானவற்றைத் தானே அடையாளம் காணும். சத்தம் வரவில்லையென்றால் பதற வேண்டாம். ஆல்சாமிக்ஸரில் எம்எம் என்று காட்டும் வரிசை மூடியிருக்கிறது என்று பொருள், எம் விசையை அழுத்தினால் திறக்கும்.

கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட்டால் தவறிப்போய் யாரும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி ஒட்டியிருக்கும் நாடாவைப் பிரித்துவிடுங்கள். பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் பாடகரின் குரல் கனத்து இழுக்கும், மாற்றிவிடுங்கள்.

பிளேயரிலிருந்து வரும் வயரை நீலத் துளையில் செருகுங்கள், ரோஸில் வேண்டாம். ரோஸ் துளை மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்குவதற்கானது. அதில் கேசட்டை விட்டால் குரல் கிழிந்துபோகும். ஒலி அமைப்பில் பதிவுக்கு லைன்-இன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். கூத்தில் கட்டியங்காரன் திடீரென்று உரக்கக் கூவுவான். அந்த இடத்திலும் அளவுமானி சிவப்பைத் தொடாதபடி ஒலியைச் சற்றுக் குறைத்தே பதியுங்கள். ‘உம்ம்’ என்ற மின் இரைச்சல் கேட்டால் பிளேயரையும் கணினியையும் ஒரே பிளக் பலகையில் மாட்டிப் பாருங்கள்.

இப்படிப் பதிந்தால் நிமிடத்துக்கு 10 எம்பிக்குச் சற்று மேல் ஆகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறக்குறைய 635 எம்பி. அன்றைய 4.3 ஜிபி ஹார்டு டிஸ்க்கில் ஆறு கேசட்டுக்கு மேல் கொள்ளாது. இன்றைய 1 டிபி டிஸ்க் 1,500 கேசட்டுக்கு இடம் கொடுக்கும். ஒலியை வாங்க அன்றைய பெட்டி, வைத்துக்காக்க இன்றைய டிஸ்க் என்று இரண்டு காலமும் கைகோத்தால் வேலை முடியும். அசல் பதிவை வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். பகிர்வதற்கு மட்டும் எம்பி3 பிரதி எடுங்கள். கோப்பின் பெயரிலேயே ஊர், கூத்தின் பெயர், ஜமா (கூத்துக் குழு), ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். இன்னும் பாடிக்கொண்டிருக்கும் கலைஞரின் குரலையோ அவர் குடும்பத்தின் சொத்தையோ இணையத்தில் ஏற்றுமுன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள்.

செஞ்சியிலும் மேலச்சேரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கும் ஆசிரியர்களுக்கும் மைக் செட்காரர்களுக்கும் கணினிக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பள்ளியில் ஒரு பழைய கணினியையும் ஒரு கேசட் பிளேயரையும் மேசைமேல் வையுங்கள். மாணவர்களை வீட்டுப் பரணைத் தேடச் சொல்லுங்கள். கணினி ஒலியை எப்படிக் கேட்கிறது என்பதை அவர்கள் கையால் கற்பார்கள், ஊரின் குரலும் பிழைக்கும். கோட்டையைக் காக்க அரசும் உலக அமைப்பும் இருக்கின்றன. குரலைக் காக்க நாம்தான் இருக்கிறோம். பழைய பெட்டியை இரும்புக்கடைக்கு அனுப்புமுன் அதன் பின்பக்கத்தில் நீலத் துளை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், அதற்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.